எண் நிற்கும் வரை

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபது நெருங்குகிறது. இது என்ன தலைகீழாக இருக்கிறது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேலை தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர், அவ்வளவுதான் கணக்கு.

குருவின் பெயர் ஜெசிந்தா. கடலூர் முதுநகரில் ஏசி போடுவது, பழுது பார்ப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

சீடர் தணிகாசலம். ஒரு சர்க்கரை ஆலையின் எடை மேடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். கரும்பு லாரி மேடையில் ஏறியதும் எண் மேலும் கீழும் ஆடும். அது ஆடி அடங்கும் வரை அவர் பேனாவைத் தொட மாட்டார். பின்னால் நிற்கிற டிரைவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தாலும் சரி, மேனேஜரே வந்து நின்றாலும் சரி. தணிகாசலம் எழுதினால் சரியாக இருக்கும் என்று விவசாயிகள் ரசீதைப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொள்வார்கள். ஆலையை மூடிய பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு நாள் ஜெசிந்தாவின் கடை வாசலில் வந்து நின்றார்.

"வேலை கத்துக்கணும் டீச்சர்."

"இந்த வயசிலயா?"

"வயசைப் பார்த்தா பசிக்காமலா இருக்கு?"

ஜெசிந்தா சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் பாடம் அன்றைக்கே நடந்தது.

"கேஸ் ஊத்துறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள இருக்கிற காத்தைப் பம்பு வச்சு உறிஞ்சணும். அதுக்குப் பேரு வேக்கம். நல்லா உறிஞ்சினதும் வால்வை மூடிட்டு, பம்பை நிறுத்திட்டு, உக்காரணும்."

"எதுக்கு உக்காரணும்?"

"வெறுமை உள்ள தங்குதான்னு பாக்க. பம்பு ஓடுற வரைக்கும் எல்லாப் பைப்பும் யோக்கியமாத்தான் இருக்கும்."

"தங்கலேன்னா?"

"எங்கியோ கசிவு இருக்குன்னு அர்த்தம். கசியிற பைப்புல கேஸ் ஊத்தக் கூடாதுண்ணே. எவ்வளவு ஊத்தினாலும் போயிடும்."

டீச்சர் பாடம் சொன்னார். தணிகாசலத்தின் காதில் அந்தக் கடைசி வாக்கியம் வேறாக விழுந்தது.

அவருக்கு ஒரே பையன், புகழேந்தி. குடி. மறுவாழ்வு மையத்துக்குப் போவான், கன்னம் ஒட்டி, கண் தெளிந்து திரும்பி வருவான். உடனே தணிகாசலம் ஊற்ற ஆரம்பிப்பார். ஒரு தடவை பைக் வாங்கிக் கொடுத்தார். இன்னொரு தடவை செல்போன் கடை வைத்துக் கொடுத்தார். எல்லாம் போனது. அவருக்கு எங்கே தப்பு என்று அன்றுவரை தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது என்று நினைத்தார். கசிகிற பைப்பில் ஊற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் புகழ் மறுபடியும் மையத்திலிருந்து வந்தான். இந்த முறை தணிகாசலம் எதுவும் கொடுக்கவில்லை. மாடி அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, வேக்கம் போட்ட பைப்பைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன இடத்திலும் மனசு வீட்டிலேயே இருந்தது. பாதி வேலையில் ஓடி வந்து அவன் மூச்சை முகர்ந்தார்.

ஒரு காலையில் வாடை வந்தது.

"நேத்து மட்டும்தான்பா," என்றான் புகழ். "தப்புதான். தூக்கமே வரலப்பா. கை நடுங்குச்சு. இனிமே..."

"சொட்டா இருந்தாலும் கசிவு கசிவுதான்டா."

"என்னப்பா சொல்றீங்க?"

"கிளம்பு."

புகழ் பையை எடுத்துக்கொண்டு போனான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அம்மா கமலவேணி குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். தெருமுனை வரை போய்விட்டுக் குடையோடு திரும்பி வந்தார்.

கார்த்திகையில் பைபாஸில் ஒரு லாரி. போலீஸ்காரர் போனில் புகழின் பெயரைச் சொல்லி, அப்பா பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். அடிபட்ட நேரத்தில் குடித்திருந்தானா இல்லையா என்று தணிகாசலம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதில் எப்படி வந்தாலும் அவரால் தாங்க முடியாது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு கமலவேணி கேட்டார்: "இன்னும் பத்து நாள் பாத்திருக்கலாமில்ல?"

"அவன் கசிவும்மா. டீச்சரே சொல்லியிருக்காங்க. எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது."

கமலவேணி அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்கு மேல் அவரோடு பேசவும் இல்லை. சாப்பாடு போடுவார், தண்ணீர் வைப்பார், எழுந்து போய்விடுவார். தணிகாசலம் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். கசிவு. கசிவென்றால் அவர் செய்தது சரி. சரியென்றால் சோறு தொண்டையில் இறங்கும், கண்ணை மூடினால் கொஞ்சமாவது தூக்கம் வரும்.

தை மாதத்தில் பாத்திரக்கடை வரதராஜுலு வீட்டு வேலை மறுபடி தொடங்கியது. மழைக்கு முன்பே சுவருக்குள் செப்புப் பைப்பைப் பதித்திருந்தார்கள். கீழே கூடத்தில் குளிர்காற்று வீசுகிற இண்டோர் பெட்டி, மொட்டைமாடியில் வெப்பத்தை வெளியே தள்ளுகிற அவுட்டோர் பெட்டி. மழை வந்து ஊரே தண்ணீரில் மிதந்ததால் மற்றதெல்லாம் அப்படியே நின்றுபோயிருந்தது.

இணைப்புக் கொடுத்து வேக்கம் போட டீச்சர் தணிகாசலத்தைத் தனியாக அனுப்பினார். பைப்புக்குள் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற சின்ன மீட்டரையும் கொடுத்துவிட்டார். எண் இறங்க இறங்க உள்ளே வெறுமை கூடுகிறது என்று பொருள்.

தணிகாசலம் பம்பை ஓட்டினார். எண் இறங்கி ஐந்நூறுக்குக் கீழே போனது. வால்வை மூடிப் பம்பை நிறுத்தினார். எண் ஏற ஆரம்பித்தது. அறுநூறு, எண்ணூறு, ஆயிரம்.

எழுந்துவிட்டார்.

"சுவருக்குள்ள கசிவு," என்றார் வரதராஜுலுவிடம். "உடைக்கணும்."

"புது பெயின்ட்டுய்யா."

"உடைச்சாத்தான் தெரியும்."

உடைத்தார்கள். கூடத்திலிருந்து மாடி வரை ஒரு ஆள் கை நுழைகிற அகலத்துக்குச் சுவரைப் பிளந்து, உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பி, பைப்பு முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தார் தணிகாசலம். ஒரு குமிழி வரவில்லை. மறுபடி தடவினார். விடாமல், வெறி பிடித்தவர் போலத் தடவிக்கொண்டே இருந்தார். வரதராஜுலு நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடி ஏசிதான்யா இல்லாம இருந்துச்சு. இப்ப சுவரும் இல்ல."

வேறு வழியில்லாமல் தணிகாசலம் டீச்சருக்குப் போன் செய்தார். "கசிவு இருக்கு டீச்சர். இடம்தான் தெரியல."

மறுநாள் காலையில் ஜெசிந்தா வந்தார். சுவரைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். திட்டவில்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் போய்த் தானே பம்பை ஓட்டினார். எண் இறங்கியதும் வால்வை மூடிப் பம்பை நிறுத்தி, மீட்டரைச் சுவர் ஓரம் வைத்துவிட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார்.

எண் ஏறியது.

"பாருங்க டீச்சர். ஏறுதில்ல?"

"ஆமாண்ணே. பாருங்க."

"ஆயிரத்தைத் தாண்டிருச்சு. கசிவேதான்."

"கரும்பு வண்டி மேடையில ஏறின உடனே எடை எழுதிடுவீங்களா?"

"அது எப்படி? ஆடி நிக்கணும்ல?"

"அப்ப உக்காருங்க."

தணிகாசலம் உட்கார்ந்தார். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து ஐந்நூறு. வரதராஜுலு ஏணியில் தலையை மட்டும் நீட்டி என்ன ஆச்சு என்றார். ஜெசிந்தா மீட்டரைக் கை காட்டினார். ஆயிரத்து எழுநூறு. அதற்குப் பிறகு எண் மெதுவாக நகர்ந்தது. ஆயிரத்து எழுநூற்று எண்பது. ஆயிரத்து எண்ணூறு. கீழே தெருவில் ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டே போய் மறைந்தது. ஆயிரத்து எண்ணூறு. தணிகாசலம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறு.

"நின்னுடுச்சு," என்றார்.

"கசிவா இருந்தா நிக்காதுண்ணே. வெளியில இருக்கிற காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கும், எண்ணும் ஏறிக்கிட்டே போகும்."

"அப்ப இது என்ன?"

"ஈரம். பைப்புக்குள்ள தண்ணி நிக்குது. வேக்கம் போட்டா அந்தத் தண்ணி ஆவியாகி எண்ணை ஏத்தும். கொஞ்ச நேரம் பாத்தா கசிவு மாதிரியேதான் தெரியும். முழுசாப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"மழைக்கு முன்னாடி பைப்பு முனைய எதால அடைச்சீங்க?"

"துணி."

"மூடி போடலியா?"

"கையில இல்ல. அன்னிக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு ஏன் சீக்கிரம் போக வேண்டியிருந்தது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மாடி அறையில் இருந்தவனின் மூச்சை முகரப் போயிருந்தார்.

"துணி தண்ணிய உறிஞ்சி உள்ள விட்டிருக்கு," என்றார் ஜெசிந்தா. "சரி, விடுங்க. காய வைப்போம்."

காய வைப்பது என்பது வெயிலில் போட்டு எடுக்கிற சமாச்சாரம் இல்லை. உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளியே விட்டார்கள். பம்பை ஓட்டினார்கள். நிறுத்தினார்கள், மீட்டரைப் பார்த்தார்கள். மறுபடி நைட்ரஜன், மறுபடி பம்பு. பைப்பு வளைகிற இடங்களில் சூடு காட்டினார்கள். நடுவில் ஜெசிந்தா பம்பின் எண்ணெயைத் திறந்துவிட்டார். டப்பாவில் வெள்ளையாக, பால் போல விழுந்தது.

"உள்ள இருந்த தண்ணியெல்லாம் இதுல கலந்திருக்கு," என்று சொல்லிப் புது எண்ணெய் ஊற்றினார்.

தணிகாசலம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆத்திரமாகக் கேட்டார்: "ஒரு பைப்புக்கு இத்தனை மெனக்கெடணுமா டீச்சர்? வெட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டுறலாமே?"

"நல்ல பைப்புண்ணே."

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை தடவைதான் செய்யிறது?"

"காயிற வரைக்கும்."

ஒவ்வொரு முறையும் எண் ஏறி நிற்கிற இடம் கீழே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தணிகாசலத்துக்கு அழுகை முட்டியது. வேலை நன்றாக நடப்பதைப் பார்த்து அழுகிற மனிதரை அவரே கண்டதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் எண் ஐந்நூறுக்குக் கீழேயே நின்றது. நெடுநேரம் பார்த்தும் அசையவில்லை.

மீட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஜெசிந்தா அவுட்டோர் வால்வுகளைத் திறந்தார். கம்பெனியில் அடைத்துவைத்த கேஸ் உஸ்ஸென்று பைப்புக்குள் இறங்கியது. பைப்பு நீளம் என்பதால் கூடுதலாகக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது. சிலிண்டரைத் தராசில் நிறுத்தினார்.

"எடை உங்க வேலைண்ணே."

தணிகாசலம் தராசின் முன் குனிந்தார். கேஸ் போகப் போக எடை இறங்கியது. அவர் கை வால்வில் நிதானமாக இருந்தது. அளவுக்கு ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. எண் ஆடி அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தார். கீழே கூடத்திலிருந்து வரதராஜுலு, "ஜில்லுன்னு வருதுய்யா," என்று குரல் கொடுத்தார். உடைந்த சுவருக்கு நடுவில் அவர் சந்தோஷமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா குழாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார். தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"எம்பையன் செத்தது உங்களுக்குத் தெரியும். நான் வெளிய அனுப்பினது தெரியாது."

ஜெசிந்தா குழாயைக் கீழே வைத்தார்.

தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். காலை வாடையை, தூறலை, குடையோடு திரும்பி வந்த கமலவேணியை. பைக்கையும் கடையையும் சொன்னார். நேற்று மட்டும்தான்பா என்று அவன் சொன்னதைச் சொல்லும்போது நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்துத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீங்க சொன்ன பாடத்தைத்தான் செஞ்சேன் டீச்சர். கசியிறதுல ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஈரத்தைப் பத்திச் சொல்லலியே."

"இல்லண்ணே. அன்னிக்குச் சொல்லல," என்றார் ஜெசிந்தா.

"இப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் கசிவா, ஈரமா?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தார்.

"கசிவுன்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நான் நம்பிக்குவேன். வீட்டுல அவ நம்ப மாட்டா, பரவாயில்ல. எனக்குப் போதும். நான் தூங்கணும்."

மொட்டைமாடியில் அவுட்டோர் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த வெப்பக் காற்று அவர்கள் இருவர் மேலும் அடித்தது. கீழே யாருக்கோ வரதராஜுலு போன் செய்து, வந்து பார், வீடு ஊட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்தார். எதிலும் மாட்டாமல் பொத்தானை அழுத்தித் தணிகாசலத்தின் கையில் வைத்தார். எண் வர வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் தெரிந்தன.

"மொத நாள் வேக்கம் போட்டப்ப, ஆயிரம் வந்ததும் எந்திரிச்சுப் போனீங்களே. அதுக்கப்புறம் எண் எங்க போய் நின்னுச்சுன்னு இதுல பாத்துச் சொல்லுங்க."

தணிகாசலம் மீட்டரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"அதை எப்படி டீச்சர் இப்பப் பாக்குறது? அன்னிக்கே கழட்டிட்டேனே."

"எனக்கும் தெரியாதுண்ணே," என்றார் ஜெசிந்தா.